செல்வம் தொட்டால் பேசும் லேப்டாப்

போன மாதம் என் மகள் ஒரு புது லேப்டாப் வாங்கி, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டாள். நானும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வைஃபை தானாகப் பிடித்துக்கொண்டது. சத்தம் வந்தது. மூடினால் தூங்கியது, திறந்தால் எழுந்தது. காமிரா, டச்பேட், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான்கள் எல்லாம் சொன்னபடி கேட்டன. அவள் காபி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"என்னம்மா, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள்.

சந்தோஷம்தான். ஆனால் பந்தி பரிமாறலாம் என்று சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு போனவளிடம், "எல்லாரும் சாப்பிட்டாச்சு, நீங்க உக்காருங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படியும் இருந்தது.

இதை எங்கள் பழைய ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, அந்த பொம்மனஹள்ளி லேப்டாப் கதைய முழுசா எழுதுங்க. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க" என்றார்கள். அதற்காகத்தான் இது.

நான் கோலார் தங்கவயல்காரி. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, 1991-இல் பெங்களூரில் வேலை தேடி வந்தேன். கல்யாணம் ஆகி பெங்களூர் ஒக்கலிபுரத்துக்குக் குடிவரும் வரைக்கும் தினமும் தங்கவயலிலிருந்து மாரிகுப்பம் ரயிலில்தான் போக்குவரத்து. அதே பெட்டி, அதே பெண்கள், மடியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டு அதே பேச்சு. பிரிண்டர், மானிட்டர், கீபோர்டு என்று கைக்கு வந்ததையெல்லாம் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டேன். அந்த வருஷங்களைப் பற்றி அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. தொழில் என்று நான் சொல்வது ஆஸ்டின் டவுனில், தையல் கடைக்கு மேல் மாடியில் இருந்த சர்வீஸ் சென்டருக்குப் போன பிறகு ஆரம்பித்ததைத்தான். அங்கே தலைமை கலீம் பாய்.

கலீம் பாய் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். கண்டோன்மெண்டிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ், கஸ்டமரிடம் கன்னடம், கோபம் வந்தால் மூன்றும். ஆனால் கோபம் வருவது அபூர்வம். மெஷின் வந்தால் முதலில் மேஜையைத் துடைப்பார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வருவார். அவரிடம் ஒரு பழைய இட்லித் தட்டு இருந்தது. ஒவ்வொரு கட்டத்தில் கழற்றும் திருகாணிகளும் ஒவ்வொரு குழிக்குள் போகும். மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து ஆரம்பித்துத் திரும்பி வருவார். ஒரு திருகாணிகூட மிஞ்சி நான் பார்த்ததில்லை.

கஸ்டமரை உட்காரவைத்து டீ சொல்வார். "நீங்க வீட்ல எப்படிப் போடுவீங்களோ, அதே மாதிரி போட்டுக் காட்டுங்க" என்பார். அவர்கள் போடுவார்கள், இவர் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார். குறுக்கே பேசமாட்டார். அதன்பிறகு மெஷினைக் 'குளிப்பாட்ட' வேண்டும். அது அவருடைய சொல். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச மின்சாரமும் வடிந்த பிறகுதான் திரும்ப மாட்டிப் போடலாம். "பழைய அழுக்கோட வேலை ஆரம்பிக்காதம்மா" என்பார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றலாம். நாம் போய் ரிப்போர்ட் சொன்னால் அவர் கேட்பது ஒன்றுதான்.

"ரெஜினா, நீ பாத்தது இன்னா? நெனச்சது இன்னா? ரெண்டையும் ஒரே தட்டுல போடாத."

தொண்ணூறுகளின் கடைசியில் லினக்ஸ்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். காலேஜ் வாத்தியார்கள், சாஃப்ட்வேர் பையன்கள். லேப்டாப்பை நீட்டுவார்கள். சின்ன லேப்டாப் என்றால் தொல்லைதான். இடம் போதாததால் கம்பெனிக்காரன் சிக்கனம் பண்ணியிருப்பான். பாதி வேலையைப் பாகத்திடமும் மீதியை விண்டோஸுக்கான மென்பொருளிடமும் விட்டிருப்பான். லினக்ஸ் வந்து பார்த்தால் பாதி ஆள்தான் இருப்பார்.

ஒரு பெரியவர், பேங்க்கில் ஓய்வு பெற்றவர், தன் சின்ன லேப்டாப்பில் இருந்த, போன் லைன் வழியாக இன்டர்நெட் பிடிக்கும் மோடத்தை லினக்ஸில் ஓடவைக்கச் சொல்லி வந்தார். மகன் வெளிநாட்டில் இருந்தான், ஈமெயில் பார்க்க வேண்டும். வேறு இடங்களில் "சப்போர்ட் இல்ல" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஆபீஸில் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல பாய் அனுமதிக்கமாட்டார். எது இல்லை, ஏன் இல்லை, அதற்குப் பதில் என்ன என்று மூன்றையும் சொல்லத் தெரிந்தால்தான் வாயைத் திறக்கலாம். அன்றைக்கு அவர் அந்தப் பாகத்தை வெளியே எடுத்து, பெரியவரின் உள்ளங்கையில் வைத்தார்.

"இது மோடம் இல்ல சார். மோடத்தோட தோலு. உசுரு விண்டோஸ்ல இருக்குது" என்றார். வெளியே மாட்டும் மோடம் ஒன்றை வைத்துக் காட்டினார். அதில் சிவப்பு விளக்குகள் மின்னி, கனைத்து, லைன் கிடைத்ததும் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார். அதன்பிறகு பழுது எதுவும் இல்லாமலே மாதம் ஒருமுறை வந்து டீ குடித்துவிட்டுப் போவார்.

இப்போது மல்லிகா கதைக்கு வருகிறேன். இது 2008 வாக்கில் நடந்தது. அப்போது கைப்பைக்குள் அடங்கும் குட்டி லேப்டாப்புகள் சந்தைக்கு வந்த புதிது. பள்ளிப் பாடங்களை அந்த மாதிரி லேப்டாப்பில் போட்டுக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனி எங்கள் கஸ்டமர். விலை கட்டுப்படியாக வேண்டும் என்று லினக்ஸ்தான் போட்டார்கள். பார்வையில்லாத பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதற்காக, திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் வசதியையும் சேர்த்திருந்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க மல்லிகா என்ற பெண்ணை வேலைக்கு எடுத்திருந்தார்கள். அவளுக்குச் சிறுவயதிலிருந்தே பார்வை கிடையாது. திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பம். பொம்மனஹள்ளியில் அம்மா, தம்பியோடு இருந்தாள். வேலை நிரந்தரம் ஆகவில்லை.

சிக்கல் இதுதான். லினக்ஸில் போட்டால் அந்த லேப்டாப் ஊமை. ஸ்பீக்கரிலும் சத்தம் இல்லை, ஹெட்போனிலும் இல்லை. ஆனால் மெஷின் எந்தக் குறையும் சொல்லாது. ஒலி அட்டை இருக்கிறது என்கிறது, பாட்டு ஓடுகிறது என்கிறது, சத்தத்தின் அளவு முழுசாக இருக்கிறது என்கிறது. காதுக்குத்தான் ஒன்றும் வராது. கம்பெனி வாங்கியிருந்த எல்லா மெஷினும் அப்படித்தான். தனியாக யுஎஸ்பியில் ஒலி அட்டை செருகினால் வரும். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அதை வாங்கித் தர முடியாது.

அந்தக் கம்பெனி மேனேஜர் மஞ்சுநாத் மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தார். நல்ல மனிதர். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு, உள்ளே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மேடம், இந்தப் பொண்ணு வீட்ல மெஷின் பேசுதாம். ஆபீஸ்ல ஒரு தடவகூடப் பேசல. பாவம், ஆசையில சொல்றா. அடுத்த வாரம் ஸ்கூலுக்குக் குடுக்கணும். ஆகலேன்னா வாய்ஸ் பார்ட்டை எடுத்துட்டுக் குடுத்துடுவோம். ஏனு மாடோது, என்ன பண்றது?"

வாய்ஸ் பார்ட்டை எடுத்துவிட்டால் அவளுக்கு அங்கே வேலை இல்லை.

கதவு சாத்தியிருந்தும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள்.

"மேடம், நான் ஆசையில சொல்லல. நாலாவது பாடத்துல ஒரு பக்கத்தையே அது தாண்டிப் போகுதுன்னு ரிப்போர்ட் குடுத்தேன். இவங்க போய்ப் பாத்தாங்க, நான் சொன்னது சரியா இருந்துச்சு. அது பேசாம எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

மஞ்சுநாத் தலையைக் குனிந்துகொண்டார். கலீம் பாய் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். "ரெஜினா, இது பாத்த கணக்கு. நெனச்ச கணக்கு இல்ல" என்றார். பிறகு அவளிடம், "வீட்ல எப்படிப் போடுவியோ அப்படியே போட்டுக் காட்டும்மா" என்றார்.

அவள் லேப்டாப்பின் ஓரத்தைத் தடவி, பட்டனை அழுத்தி, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தாள். திரையில் எல்லாம் வந்து நின்றது. சத்தம் வரவில்லை. அவள் காதை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"வீட்லயும் நீதான் போடுவியா?" என்றார் பாய்.

"இல்ல சார். தம்பிதான் போட்டுக் குடுப்பான்."

அன்றைக்கு நாங்கள் மெஷினைக் குளிப்பாட்டிவிட்டு எல்லாவற்றையும் முயற்சி செய்தோம். ஒலி அட்டையின் சிப் எது என்று பார்த்து, அதை ஓட்டும் மென்பொருளான டிரைவரிடம், இது இந்த மாடல், அந்த மாடல் என்று வேறு வேறு பெயர் சொல்லிப் பார்த்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குளியல். பலன் இல்லை. சாயங்காலம் மல்லிகா மெஷினோடு வீட்டுக்குக் கிளம்பியதும் பாய், "நீ பொம்மனஹள்ளி போய்ட்டு வா. தம்பி இன்னா பண்றான்னு பாரு. கை வெக்காத, பாரு" என்றார்.

மறுநாள் காலையில் போனேன். கார்மெண்ட் ஃபேக்டரிக்குப் பின்னால் வரிசை வீடுகள். மல்லிகாவின் அம்மா, சிமெண்ட் பையை வெட்டித் தைத்த விரிப்பின்மேல் போர்வை போட்டு உட்காரச் சொன்னார். தம்பி செல்வம் துணி வெட்டும் பிரிவில் வேலை செய்கிற ஆள். அன்றைக்கு மத்தியான ஷிஃப்ட். குளித்து, தலை வாரித் தயாராக இருந்தான்.

"அவன் கைராசி மேடம்" என்றார் அம்மா. "அவன் தொட்டாத்தான் அது பேசும். நாங்க தொட்டா வாயே தொறக்காது. இவ மூணு தடவ போட்டுப் பாத்துட்டு அழுதா. அவன் வந்து தொட்டான், மடமடன்னு பேசுது."

"சும்மா இரும்மா" என்றான் செல்வம். ஆனால் முகத்தில் பெருமை இருந்தது.

அவன் லேப்டாப்பைத் திறந்தான். மல்லிகாவுக்கு முதலில் கொடுத்த மெஷின் அது. அதில் மட்டும் வாங்கும்போது இருந்த விண்டோஸையும் அழிக்காமல் ஒரு பக்கமாக விட்டுவைத்திருந்தார்கள். ஆபீஸில் இருந்த மற்றவற்றில் அழித்துவிட்டார்கள். செல்வம் விண்டோஸுக்குள் போய் ஒரு பாட்டைப் போட்டான். சத்தமாக வந்தது. வாயசைத்துக்கொண்டே பாதி கேட்டான். அப்புறம் ரீஸ்டார்ட் கொடுத்து, லினக்ஸைத் தேர்ந்தெடுத்து, அக்காவின் பக்கம் திருப்பி வைத்தான்.

லேப்டாப் பேசியது. கட்டைக் குரலில், ஆங்கிலத்தில், பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னது.

"கேட்டுச்சா மேடம்?" என்றாள் மல்லிகா. நேற்றிலிருந்து அடக்கிவைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

"கேட்டுச்சும்மா. நல்லாக் கேட்டுச்சு" என்றேன். அவள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தினமும் பாட்டு கேட்டுட்டுத்தான் குடுப்பியா?" என்று செல்வத்திடம் கேட்டேன்.

"ஆமா மேடம். லினக்ஸ்ல பாட்டு எங்க வெச்சிருக்காங்கன்னே தெரியல. இதுல ஒண்ணு ரெண்டு கேட்டுட்டு மாத்திக் குடுத்துடுவேன்."

கலீம் பாய்க்கு போன் போட்டு, பார்த்ததை மட்டும் வரிசையாகச் சொன்னேன்.

"நடுவுல மெஷின் ஆஃப் ஆச்சா?"

"ஆகல பாய். ரீஸ்டார்ட்தான்."

"அரே அல்லாஹ். சரி, இப்பக் குளிப்பாட்டிட்டு, தம்பி கையாலயே நேரா லினக்ஸ் போடச் சொல்லு."

பேட்டரியைக் கழற்றி மாட்டிக் கொடுத்தேன். செல்வம் கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் பயபக்தியோடு பட்டனை அழுத்தினான். லினக்ஸ் வந்தது. ஊமை. அவன் முகம் விழுந்துவிட்டது. இப்போது நான் என் கையால் விண்டோஸ் போட்டு, அணைக்காமல் ரீஸ்டார்ட் கொடுத்து, லினக்ஸுக்கு வந்தேன். பேசியது.

"அய்யோ, மேடத்துக்கும் கைராசி!" என்றார் அம்மா.

நடந்தது இதுதான். அந்த லேப்டாப்பில் ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் சத்தத்தைப் பெருக்கி அனுப்ப ஒரு பாகம் இருக்கிறது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன சுவிட்ச் ஒன்று சிப்புக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் டிரைவருக்கு அந்த சுவிட்ச் தெரியும், வந்ததும் போட்டுவிடும். லினக்ஸ் டிரைவருக்கு இந்த மாடலில் அப்படி ஒன்று இருப்பது தெரியாது. போடவும் செய்யாது, அணைக்கவும் செய்யாது. ரீஸ்டார்ட்டில் மின்சாரம் அறுபடுவதில்லை என்பதால் விண்டோஸ் போட்ட சுவிட்ச் அப்படியே நிற்கும், லினக்ஸ் அதன் தயவில் பேசும். மெஷினை ஒருமுறை அணைத்தால் போயிற்று. பஸ்ஸில் ஆபீஸுக்கு எடுத்துப் போகும்போது அணைத்துத்தானே எடுத்துப் போவாள். நாங்களோ ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் குளிப்பாட்டி, தேடிக்கொண்டிருந்ததையே கழுவிவிட்டுக்கொண்டிருந்தோம்.

இதெல்லாம் அப்போது ஊகம்தான். நிரூபிக்க வேண்டும். பேசும்போது சிப் என்ன நிலையில் இருக்கிறது, பேசாதபோது என்ன நிலையில் இருக்கிறது என்று லினக்ஸே எழுதிக் காட்டும். இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்டின் டவுன் போனேன். கம்ப்யூட்டரையே ஒப்பிடச் சொல்லியிருக்கலாம். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. அச்செடுக்கச் சொன்னார். ஒன்றை அவர் உரக்கப் படிக்க, மற்றொன்றில் நான் விரலை ஓட்டினேன். கீழே தையல் மெஷின்களின் சத்தம். வரி வரியாக ஒன்றுபோலவே போயிற்று. எனக்குக் கண் அயர ஆரம்பித்த நேரத்தில் ஓரிடத்தில் அவர் "ரெண்டு" என்று படித்தார். என் தாளில் பூஜ்யம் இருந்தது.

"திருப்பிப் படிங்க பாய்."

"ரெண்டு."

"இங்க ஜீரோ."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவர் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப நெனச்சது இன்னான்னு சொல்லு" என்றார். அவர் அப்படிக் கேட்டு எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு தடவைதான்.

அந்த பூஜ்யத்தை இரண்டாக்க ஒரு கட்டளை எழுதினேன். லினக்ஸ் ஒவ்வொரு முறை எழும்போதும் தானாக அது ஓடும்படி வைத்தேன். மறுநாள் மல்லிகாவின் ஆபீஸுக்குப் போனோம். பாயும் வந்தார். மஞ்சுநாத்தின் கண் முன்னால் பேட்டரியைக் கழற்றி, குளிப்பாட்டி, மாட்டி, மல்லிகாவின் கையில் கொடுத்தோம். அவளே பட்டனை அழுத்தினாள். அந்த அறையில் இருந்த எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

லேப்டாப் பேசியது.

மல்லிகா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. விறுவிறுவென்று தட்டச்சு செய்து உள்ளே போய், நாலாவது பாடத்தைத் திறந்து, தாண்டிப் போகிற அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோய், "பாருங்க, இன்னும் தாண்டித்தான் போகுது. சரி பண்ணல" என்றாள்.

மஞ்சுநாத் அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். "ஸாரி மல்லிகா. நீ சொன்னப்பவே நான் வீட்டுக்கு வந்து பாத்திருக்கணும்" என்றார்.

"பரவால்ல சார். வாய்ஸ் பார்ட்டை எடுக்காதீங்க, அது போதும்."

எடுக்கவில்லை. பாடங்கள் குரலோடேயே பள்ளிகளுக்குப் போயின. மல்லிகாவின் வேலையும் நிரந்தரமாயிற்று. செல்வத்துக்குத்தான் கொஞ்ச நாள் வருத்தம். "அப்ப இனிமே நான் தொட வேணாமா?" என்று கேட்டானாம். "பாட்டுக் கேக்கணும்னா தொட்டுக்கோ" என்றாளாம் அக்கா.

ஒரு மெஷினில் சரி பண்ணினால் போதாது, டிரைவரிலேயே சரி பண்ண வேண்டும் என்றார் பாய். அந்த மாடலை வாங்கும் யாருக்கும் இனி ஊமை மெஷின் வரக்கூடாது. டிரைவரைப் பராமரிப்பவர்களுக்கு ஈமெயில் எழுதினேன். என் இங்கிலீஷை பாய் திருத்தினார், அவர் திருத்தியதை நான் மறுபடி திருத்தினேன். ஐரோப்பாவில் எங்கோ இருந்த ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார். மாற்றத்தைச் சேர்த்துக்கொள்கிறேன், சோதித்துப் பார்த்தவர் யார் என்று சொன்னால் குறிப்பில் அந்தப் பெயரைப் போடுவது வழக்கம் என்று கேட்டிருந்தார். நான் பாயைப் பார்த்தேன்.

"யார் காதால கேட்டுச்சு? அவங்க பேரப் போடு" என்றார்.

அது வெளியான அன்றைக்கு அந்தக் குறிப்பு இருந்த இணையப் பக்கத்தின் முகவரியை மல்லிகாவுக்கு அனுப்பினேன். சாயங்காலம் வீட்டிலிருந்து போன் செய்தாள்.

"மேடம், லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டு, போனை லேப்டாப்பின் பக்கத்தில் வைத்தாள். அந்தக் கட்டைக் குரல் படித்துக்கொண்டே வந்தது. மாடல் பெயர், சுவிட்ச் விவரம், என் பெயர். அடுத்த வரி, சோதித்தவர். ஒரு கணம் நின்று, "மாலீகா" என்றது.

தூரத்தில் அடுப்படியிலிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது. "யாருடி அது, வெள்ளக்காரன் மாதிரி உன்னக் கூப்புடறது?"

மல்லிகா சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. சத்தத்தை முழுசாகக் கூட்டி, அந்த வரியை இன்னொரு தடவை படிக்க வைத்தாள்.